ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வரும் போனை யார் எடுப்பது?

ஈரோடு மாவட்டத்தில் ஒரு சுயநிதிக் கலை அறிவியல் கல்லூரியில் வணிகவியல் சொல்லித்தரும் உதவிப் பேராசிரியை ஆலோசனை கேட்டு எழுதியிருக்கிறார். வயது 38. வேலைக்குச் சேர்ந்து 9 ஆண்டும் 5 மாதமும் ஆகின்றன. வாரத்துக்கு 50 நிமிட பீரியட் 18. டியூட்டர் பொறுப்பில் 26 வார்டு பிள்ளைகள், அதாவது நல்லது கெட்டதைக் கவனித்துக்கொள்ள இவரிடம் ஒப்படைக்கப்பட்டவர்கள். பாதிப்பேர் அவரவர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். பெற்றோர் பனியன் கம்பெனிக்கோ தறிக்கோ போகிறவர்கள். "ஏனுங் மேடம், புள்ள இன்னும் ஊட்டுக்கு வர்லீங்" என்று இரவு ஒன்பது மணிக்கு ஆரம்பிக்கும் போன் பதினொன்றுக்குத்தான் ஓய்கிறதாம். புதுமைப்பெண் பணம் ஏறவில்லை, பஸ் பாஸ் தொலைந்துவிட்டது, அப்பா குடித்துவிட்டு வந்து புத்தகத்தைக் கிழித்துவிட்டார், எல்லாம் இவரிடம்தான் வருகிறது. ஏப்ரல், மே வந்தால் ஊர் ஊராக அட்மிஷன் கேன்வாஸ், ஆளுக்கு ஐந்து சேர்க்கை.

ஆறு வாரத்துக்கு முன் இரவு 11.40க்கு இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் வாட்ஸ்அப்பில், "இனிமே யாருக்கும் பாரமா இருக்க மாட்டேன் மேம்" என்று அனுப்பியிருக்கிறார். இவர் உடனே கூப்பிட்டு இரண்டு மணி வரை பேசியிருக்கிறார். யாரிடமும் சொல்லக்கூடாது என்று பையன் கெஞ்ச, சத்தியமும் செய்துகொடுத்துவிட்டார். மறுநாள் முதல் பீரியட் காஸ்ட் அக்கவுண்டிங்; சிரித்த முகத்தோடு எடுத்திருக்கிறார். அன்றிலிருந்து போன் தலையணைக்கு அடியில். திரை ஒளிர்ந்தாலே நெஞ்சு படபடக்கிறது. போன வாரம் ஒரு மாணவி எதிரே உட்கார்ந்து இருபது நிமிடம் அழுதபோது இவருடைய மனம் கல்லூரித் தரமதிப்பீட்டுக்கான நாக் ஃபைலில் எந்தப் பக்கம் விட்டுப்போனது என்றே ஓடிக்கொண்டிருந்ததாம். "மனசு கல்லாயிருச்சுங்க. இனி நான் இந்த வேலைக்கு லாயக்கில்லைன்னு நினைக்கறேன்" என்கிறார். மாமியாரோ, "நெழல்ல நின்னு பாடஞ் சொல்றதுக்கு அப்படி என்ன அலுப்பு?" என்கிறாராம்.

அவருடைய கேள்விகள் நான்கு. நான் கல்நெஞ்சுக்காரியா? இரவில் போனை அணைத்து ஏதாவது நடந்துவிட்டால் பழி என் மேலா? மனநல மருத்துவரைப் பார்த்தால் நிர்வாகத்துக்குத் தெரியுமா? இந்த மாதமே வேலையை விட்டால் என்ன இழப்பேன்?

*

நீங்கள் கேட்ட வரிசையில் பதில் சொல்லப்போவதில்லை. நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றைத்தான் முதலில் பேச வேண்டும். அந்தப் பையன் இப்போது எப்படி இருக்கிறார் என்பதற்குக் கடிதத்தில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: "கிளாஸுக்கு வர்றான்." வருகைப் பதிவேட்டில் டிக் விழுவதை வைத்து மனநிலையைக் கணிக்க முடியாது.

அன்றிரவு நீங்கள் செய்ததில் பெரும்பகுதி சரி. உடனே கூப்பிட்டீர்கள், புத்திமதி சொல்லாமல் கேட்டீர்கள், தனியே விடவில்லை. தவறியது ஒரே இடம், அந்தச் சத்தியம். உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுத்தால், அந்த உயிருக்கு ஒரே காவலாளியாக உங்களை நீங்களே நியமித்துக்கொள்கிறீர்கள். ஆறு வாரமாகத் தலையணைக்கு அடியில் போன் இருப்பதற்கு அதுதான் காரணம். உங்கள் நெஞ்சு படபடப்பில் பெரும்பங்கு அங்கேதான் தொடங்குகிறது என்பது என் கணிப்பு.

நாளைக்கே அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். காரிடாரில் நிற்க வைத்து வேண்டாம். துறை நூலகம் மாதிரி கதவு பாதி திறந்த இடமாக இருக்கட்டும். "அன்னிக்கி யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொன்னேன். அது நான் குடுத்திருக்கக் கூடாத வாக்கு. உன்னைப் பத்தி நான் ஒருத்தி மட்டும் தெரிஞ்சு வெச்சிருந்தா பத்தாது. வீட்ல யாருகிட்ட சொன்னா உனக்குக் கொஞ்சம் பரவால்ல, அப்பாவா, அம்முச்சியா?" என்று கேளுங்கள். சொல்லலாமா என்று அனுமதி கேட்காதீர்கள், யாரிடம் என்பதை மட்டும் அவர் தேர்ந்தெடுக்கட்டும். பிறகு நேராக, "இப்பவும் செத்துப்போயிடலாம்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சு வெச்சிருக்கியா?" என்று கேளுங்கள். இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் பலருக்கும் உண்டு, அது தவறு. கேட்டால் பெரும்பாலும் பிள்ளைகளுக்குப் பாரம் இறங்கும்.

ஆம் என்று பதில் வந்தால் அன்றைக்கு அவரைத் தனியே பஸ் ஏற்றிவிடக்கூடாது. வீட்டிலிருந்து ஆள் வரும் வரை பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். வருகிறவரிடம், தோட்டத்துச் சாளையில் இருக்கும் பூச்சிமருந்து, எலிமருந்து, வீட்டில் இருக்கும் மாத்திரைகள் எல்லாவற்றையும் பூட்டிச் சாவியை இடுப்பில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நெருக்கடி உச்சத்தில் இருக்கும் நேரம் பெரும்பாலும் குறுகியது. அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருப்பதே உயிரைக் காப்பாற்றிவிடும். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416 எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. ஏற்கெனவே ஏதாவது செய்துகொண்டிருந்தால் 108. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தயங்கும் குடும்பங்கள் நம் பக்கத்தில் நிறைய. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, முயற்சி செய்தவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. இதை அவர்களிடம் சொல்லுங்கள்.

பழி யார் மேல்?

இரவு பதினொன்றுக்குமேல் போன் எடுக்காதது தற்கொலைக்குத் தூண்டியதாகாது. தூண்டிவிடுவது, கூடிச் சதிசெய்வது, தெரிந்தே உதவுவது, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால்தான் அந்தக் குற்றச்சாட்டு நிற்கும். தூங்கிக்கொண்டிருந்த ஆசிரியை இதில் எதிலும் வரமாட்டார். ஆனால் ஒன்று. தெரிந்தும் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தால், சட்டம் விட்டாலும் ஊரும் உங்கள் மனசும் விடாது. அதனால்தான் எழுத்து வேண்டும் என்கிறேன்.

அந்த எழுத்துக்கு இப்போது நல்ல ஆதாரமும் இருக்கிறது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், மாணவர் மனநலம் பற்றி எல்லாக் கல்வி நிறுவனங்களுக்கும் வழிகாட்டுதல்கள் கொடுத்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் இருந்தால் தகுதிபெற்ற ஆலோசகர், உளவியலாளர், சமூகப் பணியாளர் இவர்களில் ஒருவராவது இருக்க வேண்டும். ஆசிரியர்களுக்கும் மற்றப் பணியாளர்களுக்கும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது பயிற்சி தர வேண்டும். நெருக்கடியை அடையாளம் காண்பதும் யாரிடம் ஒப்படைப்பது என்பதும் அந்தப் பயிற்சியில் அடங்கும். ஆக, டியூட்டர் கண்டுபிடித்துக் கைமாற்றிவிட வேண்டியவர். சிகிச்சை தர வேண்டியவர் அல்ல.

முதல்வருக்கு நான்கு வரி எழுதுங்கள். "என்னால் முடியவில்லை" என்ற வாக்கியம் அதில் வரக்கூடாது; அது உங்கள் குறையாகப் படிக்கப்படும். கேள்வியாக எழுதுங்கள்: "என் வார்டு மாணவர் ஒருவர் அண்மையில் மனநெருக்கடியில் இருந்தார். மாலை 6 மணிக்குப் பின் இத்தகைய அழைப்பு வந்தால் யாரிடம் ஒப்படைக்க வேண்டும், கல்லூரி ஆலோசகர் யார், அவரைச் சந்திக்கும் நேரம் எது, ஆசிரியர்களுக்கான பயிற்சி எப்போது என்பதைத் தெரிவிக்க வேண்டுகிறேன்." மாணவர் பெயர் வேண்டாம். துறைத் தலைவர் வழியாகக் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போடத் தயங்கினால் அதையே மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள். கேள்விக்குப் பதில் எழுதியாக வேண்டும் என்ற நிலை வந்தாலே சில நிர்வாகங்கள் அசையும்.

கல்லா, களைப்பா?

விமானப் பணிப்பெண்களையும் கடன் வசூலிப்பவர்களையும் ஆராய்ந்த அமெரிக்க சமூகவியலாளர் ஆர்லி ஹோக்‌ஷில்ட், 1983இல் இந்த வேலைக்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் உணர்ச்சி உழைப்பு என்று சொல்லலாம். சம்பளத்துக்காக, உள்ளே இருக்கும் உணர்ச்சியை அடக்கி, வேண்டிய உணர்ச்சியை முகத்தில் வரவழைப்பது. அதில் இரண்டு விதம் சொன்னார். உள்ளே கொதிக்கும்போது முகத்தை மட்டும் சிரிக்க வைப்பது ஒன்று. எதிரில் இருப்பவர் நிலைமையை நினைத்துப் பார்த்து உள்ளேயே கொஞ்சம் இளகிக்கொள்வது மற்றொன்று. ஆளை அதிகம் உறிஞ்சுவது முதலாவது. இரவு இரண்டு மணிக்கு ஒரு உயிரைப் பிடித்து வைத்திருந்துவிட்டு, மறுநாள் முதல் பீரியடில் ஒன்றும் நடக்காதது போல் நின்றீர்களே, அதுதான்.

உங்கள் மாமியார் சொன்னதில் குத்தல் இருந்தாலும் கெட்ட எண்ணம் இருக்காது. கொங்கு நாட்டில் வேலை என்றால் அளந்து காட்ட வேண்டும். தறியில் எத்தனை மீட்டர் ஓடியது, காட்டில் எத்தனை பாத்தி நீர் பாய்ந்தது, கம்பெனியில் எத்தனை ஷிப்ட். வேர்வையும் அளவும் இல்லாத உழைப்பை இங்கே உழைப்பாகக் கணக்கெடுக்கத் தெரியாது. அதைவிட மோசம், நீங்களும் உங்களை அதே கோலால்தான் அளக்கிறீர்கள்.

மாணவி அழும்போது ஒன்றும் உறைக்காமல் போனது மனம் கல்லானதற்கு அடையாளமல்ல. உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பில் பணிச்சோர்வுக்கு மூன்று அடையாளம் தருகிறது: சக்தி முழுக்க வற்றுவது, வேலையிலிருந்து மனம் விலகிப்போவது, செய்வது எதிலும் பயனில்லை என்று தோன்றுவது. உங்களுக்கு நேர்ந்தது இரண்டாவது. அந்த நிறுவனமே இதை நோய் என்று சொல்லவில்லை, வேலைச் சூழலில் முளைக்கும் நிலை என்றுதான் வகைப்படுத்துகிறது. ஆகையால் ஒரு வாரம் லீவு போட்டுத் தூங்கினால் கொஞ்சம் தெளியும். திரும்பிப்போய் அதே 26 பேரின் இரவு போனை எடுத்தால் பத்தே நாளில் பழைய இடம்.

ஆனால் இது பணிச்சோர்வு மட்டும்தானா என்பதைப் பார்த்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் இப்படியே இருக்கிறதா? மகள் பள்ளியில் பரிசு வாங்கி வந்தால் மகிழ்ச்சி வருகிறதா? சாப்பாடு ருசிக்கிறதா? கல்லூரியைத் தாண்டியும் இரண்டு வாரமாக எல்லாமே வெறுமையாக இருந்தால் மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மனச்சோர்வை அளக்கும் பி.ஹெச்.கியூ-9 என்ற, ஒன்பது கேள்விகள் கொண்ட தாள் தமிழிலும் இருக்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. கூட்டினால் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பாருங்கள். ஒன்பதாவது கேள்வி உயிரை விடும் எண்ணம் பற்றியது. அதில் 0 தவிர வேறு எது வந்தாலும் மொத்தத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டாம், அன்றைக்கே போங்கள்.

அதோடு டி.எஸ்.எச். (தைராய்டு சோதனை), ஹீமோகுளோபின், பி12 மூன்றையும் ஒரே ரத்த மாதிரியில் பார்த்துவிடுங்கள்; படபடப்புக்கு ஒரு ஈ.சி.ஜி. உங்கள் வயதுப் பெண்களுக்குத் தைராய்டும் ரத்தசோகையும் இதே களைப்பு வேஷத்தில் வரும். மனசுதான் காரணம் என்று முடிவுகட்டிக்கொண்டு உடம்பைப் பார்க்காமல் விடுகிறவர்கள் அதிகம்.

மருத்துவரிடம் நீங்கள் சொல்வது வெளியே போகாது. அதே 2017 சட்டத்தின் 23ஆம் பிரிவு ரகசியத்தை உரிமையாகவே தருகிறது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. கல்லூரி அதைக் கேட்டு வாங்க முடியாது. கல்லூரிக்குப் பக்கத்தில் வேண்டாம் என்றால் கோவை அரசு மருத்துவமனையிலோ பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரியிலோ புறநோயாளியாகப் பார்க்கலாம். மாத்திரை எழுதிக்கொடுத்தால், பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் பிடிக்கும் என்பதைத் தெரிந்து ஆரம்பியுங்கள். ஐந்தாம் நாளே ஒன்றும் ஆகவில்லை என்றோ, நன்றாக ஆனதும் நீங்களாகவோ நிறுத்திவிடாதீர்கள்.

போனுக்கு ஒரு வேலி

போனை ஒரேயடியாக அணைக்கச் சொன்னால் நீங்கள் செய்யமாட்டீர்கள், எனக்குத் தெரியும். இரண்டாவது சிம் ஒன்று வாங்கி வாட்ஸ்அப் பிசினஸில் போடுங்கள். மாணவர்களும் பெற்றோரும் அந்த எண்ணுக்குத்தான் வரவேண்டும். அதில் தானாகப் போகும் பதிலாக, "நான் இரவு 8.45 முதல் 9.15 வரை கிடைப்பேன். உயிருக்கு ஆபத்து என்றால் உடனே 108, மனம் தாங்கவில்லை என்றால் 14416" என்று போட்டு வையுங்கள். விடுதி மாணவர்களுக்கு வார்டன் எண்ணையும் சேருங்கள். ஏன் 8.45? கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் பெற்றோர் எட்டரைக்குத்தான் வெளியே வருகிறார்கள். நீங்கள் ஆறிலிருந்து ஏழு வரை என்று வைத்தால் அவர்களால் பேசவே முடியாது, பிறகு பத்து மணிக்கு அடிப்பார்கள், நீங்கள் எடுப்பீர்கள், வேலி போய்விடும். வகுப்புக் குழுவில் அட்மின் மட்டும் பதிவிடும்படி மாற்றிவிடுங்கள்.

இரண்டு இடத்தில் இது சறுக்கும். முன்னறிவிப்பு இல்லாமல் தொடங்குவது ஒன்று. திங்கள் காலை வகுப்பில் சொல்லி, பெற்றோருக்கும் அன்றே அனுப்புங்கள். மற்றொன்று, முதல் இரண்டு வாரம் பழைய எண்ணுக்கு அழைப்பு கூடும், குறையாது. அப்போது பாவம் பார்த்து ஒரு பஸ் பாஸ் விஷயத்துக்குப் பதில் சொன்னாலும் மறுபடி முதலிலிருந்து.

இன்னும் நல்லது முறை வைத்துக்கொள்வது. துறையில் நாலு டியூட்டர் என்றால் மாதத்தில் ஆளுக்கு ஒரு வாரம் அவசர போன். மற்ற மூன்று வாரம் அந்த எண்ணை அணைத்து வைக்கலாம். குளமோ வாய்க்காலோ, முறைப்பாசனம் நம் ஊருக்குப் புதிதா என்ன?

கல்லூரிக்குள் ஒன்றே ஒன்று. பாரமான பேச்சை அடுத்த பீரியடுக்கு முன்பாக வைக்காதீர்கள், மதிய உணவுக்கு முந்தைய நேரமாகப் பார்த்து வையுங்கள். முடிந்ததும் வார்டு நோட்டில் மூன்று வரி: தேதி, என்ன சொன்னார், யாரிடம் ஒப்படைத்தேன். மூன்றாவது வரியை எழுத முடியவில்லை என்றால் அந்த விஷயம் இன்னும் உங்கள் தலையில்தான் இருக்கிறது என்று அர்த்தம்.

வேலையை விடுவதாக இருந்தால்

வாரம் 18 பீரியட் யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) வரம்பை மீறியது என்று எழுதியிருக்கிறீர்கள். 2018 விதிகளில் உதவிப் பேராசிரியருக்கு நேரடிக் கற்பித்தல் வாரம் 16 மணி. உங்கள் 18 பீரியட், 50 நிமிடம் வீதம், 15 மணிதான். இதை வைத்து வாதாடினால் தோற்பீர்கள். அதே விதிகள் மொத்த வேலை வாரம் 40 மணிக்குக் குறையக்கூடாது என்கின்றன. இரண்டு வாரம் ஒரு டைரியில் ஃபைல் வேலை, வார்டு பேச்சு, கேன்வாஸ், இரவு போன் எல்லாவற்றையும் நிமிடக் கணக்கில் குறியுங்கள். பேச வேண்டிய கணக்கு அதுதான். மாமியாருக்குக் காட்டவும் உதவும்.

லேபர் கோர்ட்டுக்குப் போவேன் என்பதும் நடக்காது. அப்போதிருந்த தொழில் தகராறு சட்டப்படி ஆசிரியர் தொழிலாளி அல்லர் என்று உச்ச நீதிமன்றம் 1988லேயே சொல்லிவிட்டது. உங்களுக்கு உள்ள பாதுகாப்பு 1976ஆம் ஆண்டு தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம். நிர்வாகம் உங்களை நீக்க வேண்டுமானால் உரிய அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். அப்படி ஒரு நிலை வந்தால் நியமன ஆணையோடு வழக்கறிஞரைப் பாருங்கள்.

பணிக்கொடை தனியார் கல்லூரிக்குக் கிடையாது என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். உண்டு. பணிக்கொடைச் சட்டத்தின் 2009 திருத்தத்தால் ஆசிரியர்களும் உள்ளே வந்தார்கள், 2022இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. கணக்கு: கடைசி மாத அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும், பெருக்கல் 15, வகுத்தல் 26, பெருக்கல் பணி ஆண்டுகள். நீங்கள் சொன்ன 26,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 15,000. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் முழு ஆண்டாகும். இன்று விட்டால் 9 ஆண்டு, 1,35,000. ஏப்ரல் கடைசியில் விட்டால் 10 ஆண்டு, 1,50,000. கொடுக்காவிட்டால் இதற்கு மட்டும் தொழிலாளர் துறையில் மனுப்போடலாம்.

பணத்தைவிட முக்கியம் நியமன ஆணையில் இருக்கும் மூன்று மாத நோட்டீஸ். செமஸ்டர் நடுவில் போனால் மூன்று மாதச் சம்பளத்தைக் கேட்பார்கள், அனுபவச் சான்றிதழையும் இழுத்தடிப்பார்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டைப் பிடித்து வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது அவர்கள் கையில் இருக்க வேண்டிய பொருளே அல்ல, ஈடாகப் பிடித்து வைக்க அது சரக்கும் அல்ல. ஆனால் ராஜினாமாவோடு சேர்த்துக் கேட்டால் சண்டையாகும். இப்போதே, பி.எச்டி. பதிவுக்கோ பாஸ்போர்ட்டுக்கோ தேவை இருந்தால் அந்தக் காரணம் காட்டி, எழுத்தில் கேட்டு வாங்கி வீட்டில் வையுங்கள்.

பிறகு ஜனவரி கடைசி வரை ராஜினாமாக் கடிதத்தை எழுதி பீரோவில் வைத்திருங்கள், கொடுக்காதீர்கள். அதற்குள் ரத்தப் பரிசோதனை முடிவு வந்திருக்கும், இரண்டாவது சிம் இரண்டு மாதம் ஓடியிருக்கும், முதல்வர் பதில் எழுதினாரா என்பதும் தெரிந்திருக்கும். அப்போதும் போகத் தோன்றினால் ஜனவரி 30ஆம் தேதி போட்டுக் கொடுங்கள். மூன்று மாதம் ஏப்ரல் கடைசியில் முடியும், கேன்வாஸ் சூடு பிடிப்பதற்குள் வெளியே வந்துவிடலாம்.